தீக்கு மேலே ட்ரோன் தகராறு செய்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி?

சென்னையில் காட்டுத்தீ என்றால் நன்மங்கலம், வண்டலூர் பக்கத்துக் காப்புக்காடுகளில் கோடையில் காய்ந்து கிடக்கும் புல்லும் புதரும்தான். ஆனால் இங்கே ட்ரோனைத் தேட வைக்கிற தீ வேறு இடத்தில் எரிகிறது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுகளாகக் கொட்டிய குப்பைக்குள் மீத்தேன் ஊறிக் கிடக்கிறது. 2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடிக் கிடங்கில் பிடித்த தீ நாள் கணக்கில் புகைந்தது. மேலே அணைந்த மாதிரி இருக்கும், அடியில் கனன்றுகொண்டே இருக்கும், அப்புறம் எதிர்பாராத ஒரு மூலையில் கிளம்பும். மலைக்காட்டில் மட்கிய இலைக்கும் வேருக்கும் அடியில் தங்கும் தீயின் குணமும் இதுதான். அதனால் காட்டுத்தீ வேலையில் ட்ரோன் ஓட்டுகிறவர்கள் கற்ற பாடங்கள் நம் குப்பை மேட்டிலும் கிடங்குத் தீயிலும் அப்படியே உதவும்.

ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கி, வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா பொருத்திய சிறு ட்ரோனோடு தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ மாநகராட்சிக்கோ உதவப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தீ இடத்தில் ட்ரோன் செய்யும் தகராறில் பெரும்பாலானது கருவிக் கோளாறு இல்லை. வெயில், கடற்காற்று, இரும்பு, புகை: இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும். செட்டிங்ஸுக்குள் விரலை விடும் முன் நிமிர்ந்து சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். பறந்துகொண்டிருக்கும்போது என்ன அறிகுறி வந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: ஆட்கள் தலைக்கு மேலிருந்து விலக்கி, காற்று வரும் பக்கமாகப் பின்வாங்குங்கள். காரணத்தை அப்புறம் ஆராயலாம்.

மோட்டார் சுற்றவே மறுக்கிறது, தடைப் பகுதி என்று எச்சரிக்கை வருகிறது

இரண்டு வரைபடங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் சிக்கல் இது. ஒன்று, அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியில் பச்சை 200 அடியோடு முடிந்துவிடும். அதற்கும் உள்ளே போனால் மஞ்சள், அங்கே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி. மீனம்பாக்கம் விமான நிலையம் ஊருக்கு நடுவிலேயே இருப்பதாலும், தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பதாலும் தென்சென்னையில் பச்சை என்று நினைத்த இடம் பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும்.

இன்னொன்று, ட்ரோன் தயாரித்த நிறுவனம் கருவிக்குள்ளேயே போட்டு வைத்திருக்கும் பூட்டு. அரசு அனுமதி கையில் இருந்தாலும் இந்தப் பூட்டு தானாகத் திறக்காது. அதைத் திறக்க இணையமும் கணக்கு விவரமும் வேண்டும். புகைக்கு நடுவில் நின்று ஓடிபி வரவில்லை என்று தவிப்பது கொடுமை. ஏப்ரல் பிறக்கும் முன்பே உங்கள் பகுதியில் தீ பிடிக்க வாய்ப்புள்ள இடங்களுக்கு இரண்டு வேலையையும் முடித்து வையுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட்டும் அப்படித்தான். வாரம் ஒருமுறை வீட்டு வைஃபையில் எல்லா பேட்டரிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு அப்டேட் செய்துவிட்டால், களத்தில் "பேட்டரியின் பதிப்பு பொருந்தவில்லை" என்று வந்து நிற்காது.

தலைவர்கள் வருகை, விழாக்கள் சமயத்தில் காவல்துறை தனியாகத் தடை போடும். அது எந்த வரைபடத்திலும் தெரியாது. கிளம்பும் முன் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு போன் போடுங்கள்.

பேட்டரி சார்ஜ் ஏற மறுக்கிறது, அல்லது கிளம்பியதும் வெப்ப எச்சரிக்கை தருகிறது

கத்திரி வெயில். பெரும்பாலான சிறு ட்ரோன்கள் 40 டிகிரி வரைக்கும்தான் வேலை செய்யும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். மே மாதச் சென்னை நிழலிலேயே அதைத் தொட்டுவிடும். பறந்து இறங்கிய பேட்டரி இன்னும் சூடாக இருப்பதால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜை மறுக்கிறது. நல்லதற்குத்தான் மறுக்கிறது.

பேட்டரியை ஐஸ் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில், குளிர்ந்த பேட்டரியை வெளியே எடுத்ததும் முனைகளில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். வண்டியின் ஏசி காற்று வரும் இடத்துக்கு எதிரே துணி விரித்து வைத்தால் போதும். காத்திருக்கும் நேரத்தில் ட்ரோனையும் ரிமோட்டையும் டேப்லெட்டையும் குடை நிழலில் வையுங்கள். டேப்லெட் சூடாகித் திரை மங்கிப்போவதை வீடியோ கோளாறு என்று நினைத்துத் தேடுகிறவர்கள் உண்டு.

பேட்டரி ஒரு பக்கமாக உப்பியிருந்தால் அதோடு அதன் வேலை முடிந்தது. "இன்னும் ஒரே ஒரு முறை" என்ற பேச்சே வேண்டாம். உப்பிய லித்தியம் பேட்டரி காய்ந்த குப்பையில் விழுந்தால், அணைக்கப் போன நாமே இன்னொரு இடத்தில் பற்றவைத்ததாகிவிடும்.

ஒரே இடத்தில் நிற்காமல் வட்டம் அடிக்கிறது

காம்பஸ் ஏமாந்திருக்கிறது. நிறுத்து என்று விட்டதும் ட்ரோன் சின்ன வட்டமாகத் தொடங்கிப் போகப் போகப் பெரிய வட்டமாகச் சுற்றும். ஜிபிஎஸ் ஒரு திசை சொல்ல, காம்பஸ் இன்னொரு திசை சொல்ல, இரண்டுக்கும் நடுவே கருவி அலைகிறது.

எங்கிருந்து கிளப்பினீர்கள் என்று பாருங்கள். தீயணைப்பு வண்டியின் மேல்தட்டு, கான்கிரீட் மொட்டைமாடி, எடைமேடை, பாலத்தின் மேல்பகுதி: எல்லாவற்றிலும் இரும்பு இருக்கிறது. எண்ணூர், மணலி பக்கம் உயர் அழுத்த மின்கம்பிகளும் சேர்ந்துகொள்ளும். அந்த இடத்திலேயே நின்று காம்பஸைத் திரும்பச் சீரமைப்பது தவறு. இரும்பின் இழுப்பையே சரி என்று அது மனப்பாடம் செய்துகொள்ளும். முப்பது நாற்பது அடி தள்ளி மண் தரைக்கு வந்து, பையிலிருக்கும் போனையும் சாவியையும் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். வானத்திலேயே வட்டம் அடிக்க ஆரம்பித்துவிட்டால் ஜிபிஎஸ் உதவி இல்லாத முறைக்கு மாற்றி, கையாலேயே இறக்க வேண்டும். இந்தப் பயிற்சி இல்லாதவர் தீ இடத்துக்கு வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வீடியோ விட்டு விட்டு வருகிறது

புகை ரேடியோ அலையைத் தடுப்பதில்லை. கட்டடம் தடுக்கும், குப்பை மேட்டின் முகடு தடுக்கும், வைஃபை நெரிசல் கெடுக்கும். ஐடி அலுவலகங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலை ஓரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மூச்சு விட இடம் இருக்காது. 5.8க்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். அப்புறம் ஆன்டெனா: அதன் நுனியை ட்ரோனை நோக்கி நீட்டக்கூடாது. தட்டையான பக்கம்தான் ட்ரோனைப் பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்தும் வரவில்லை என்றால், நீங்கள் நிற்கும் இடம்தான் சரியில்லை. மேடான இடத்துக்குப் போங்கள்.

புகை விளிம்பில் வந்ததும் முன்னே போக மறுத்து நின்றுவிடுகிறது

தடை உணரும் கேமராக்கள் அடர்ந்த புகையைச் சுவர் என்று எடுத்துக்கொள்கின்றன. கீழ்நோக்கிய உணரியோ புகைத் திரளைத் தரை என்று நினைத்து உயரத்தைத் தப்பாகக் கணக்கிடும். "உணரியை அணைத்துவிட்டு உள்ளே போ" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். கேட்காதீர்கள். உள்ளே மின்கம்பி இருக்கும், கிரேன் கை இருக்கும். சுற்றிப் போய்க் காற்று வரும் பக்கத்திலிருந்து பாருங்கள். பார்க்க வேண்டியது அங்கிருந்துதான் தெரியும்.

இதைவிட ஆபத்தானது, சிக்னல் போனதும் ட்ரோன் தானாக வீடு திரும்பும்போது நடப்பது. கிளம்பிய இடத்துக்கும் ட்ரோனுக்கும் நடுவே புகை வந்துவிட்டால், திரும்பும் வழியில் புகையைச் சுவர் என்று நினைத்து அங்கேயே நின்று பேட்டரியைத் தின்னும். திரும்பும் உயரத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களுக்கும் கோபுரங்களுக்கும் மேலே வைத்தால் மட்டும் போதாது. கிளம்பும் இடமே காற்று வரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

போகும்போது பேட்டரி நன்றாக இருந்தது, திரும்பும்போது சரசரவென்று இறங்குகிறது

சென்னைக்கே உரிய தொல்லை இது. கோடையில் காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று வரும். நண்பகலை ஒட்டியோ சற்றுப் பிந்தியோ கடற்காற்று உள்ளே புகுந்து திசையை அப்படியே புரட்டிப் போடும். காலையில் துரைப்பாக்கம், ஓஎம்ஆர் பக்கம் போய்க்கொண்டிருந்த பெருங்குடிப் புகை மதியத்துக்கு மேல் பள்ளிக்கரணை, வேளச்சேரி, மடிப்பாக்கம் என்று திரும்புவது இதனால்தான். காலையில் பாதுகாப்பாக இருந்த உங்கள் இடமே மதியம் புகைக்குள் போய்விடும். ட்ரோனும் திரும்பும் வழியெல்லாம் எதிர்க்காற்றில் முட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும். தரையில் சட்டை லேசாக ஆடுகிற காற்று 300 அடியில் நிஜமாகவே பலமாக இருக்கும்.

முதலில் எதிர்க்காற்றில் போங்கள், திரும்பும்போது காற்று தள்ளிவிடட்டும். காற்று திரும்பப்போகும் நேரத்தில் தொலைவுக்கு அனுப்பாதீர்கள். எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டால் உயரத்தைக் குறையுங்கள், கீழே காற்று மெலிவாக இருக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பில் விழுந்த ட்ரோனைத் தேடி எடுப்பது நடக்கிற காரியம் இல்லை.

தொடாமலேயே மேலே ஏறுகிறது, அல்லது இறக்கும்போது தடுமாறுகிறது

ஏறினால், நேர் கீழே தீ இருக்கிறது. சூட்டுக்காற்றின் தூண் தூக்குகிறது. அதன் விளிம்பில் மேலே போகும் காற்றும் பக்கத்தில் இறங்கும் காற்றும் மோதுவதால் கருவி கவிழலாம். பக்கவாட்டில் வெளியே வந்துவிடுங்கள்.

செங்குத்தாக வேகமாக இறக்கும்போது ஆட்டம் கண்டால், தன் இறக்கைகள் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ட்ரோன் விழுந்துகொண்டிருக்கிறது. அப்போது விசையைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். முன்னாலோ பக்கத்திலோ நகர்த்தினால் சரியாகும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோனை வைத்துத் தண்ணீர் தெளித்து அணைக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள். அது தூக்கும் பத்துப் பதினாறு லிட்டர் குப்பைத் தீக்கு ஒன்றுமே இல்லை. அதன் இறக்கைக் காற்று கனலை ஊதிவிடுவதுதான் மிச்சம். ட்ரோனின் வேலை தீயைக் காட்டுவது. அணைப்பது கீழே நிற்கும் மனிதர்களும் மண்ணைப் புரட்டும் ஜேசிபியும்.

தெர்மல் படத்தில் எல்லாமே வெள்ளையாகத் தெரிகிறது

இந்த வேலையின் உயிர்நாடியே இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பகல் பதினொரு மணிக்குக் கறுப்பு பிளாஸ்டிக், டயர், கல், தார் எல்லாம் வெயிலிலேயே 60 டிகிரி ஏறி நிற்கும். அடியில் கனலும் தீயோ மேற்பரப்பில் சில டிகிரிதான் கூட்டிக் காட்டும். வெயில் சூட்டுக்குள் அது மறைந்துபோகும். கேமராவில் எதைத் திருகினாலும் இது மாறாது. நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். விடியலுக்கு முன், நாலரை ஐந்து மணிக்குப் பறக்க விடுங்கள். இரவு முழுக்க மேடு ஆறிக் கிடக்க, உள்ளே கனல் இருக்கும் இடம் மட்டும் திட்டாகத் தனித்துத் தெரியும். இரவுப் பறப்புக்கு வேண்டிய விளக்கும் அனுமதியும் முன்பே ஏற்பாடாக இருக்கட்டும்.

பகலில் பறந்தே தீர வேண்டும் என்றால், குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் மட்டும் நிறம் காட்டும் வசதியைப் போட்டு எல்லையை 100 டிகிரிக்குப் பக்கத்தில் வையுங்கள். வெயில் சூடு அதைத் தொடாது. விடியற்காலையில் அதே எல்லையை 45, 50க்கு இறக்கலாம்.

தீ படத்துக்குள் வந்ததும் மற்றதெல்லாம் கறுத்துப் போகிறதா? கேமரா, இருப்பதிலேயே சூடானதுக்கும் குளிர்ந்ததுக்கும் நடுவே நிறத்தைத் தானாகப் பங்கு போடுகிறது. பக்கத்தில் நிற்கும் மனிதர் இருட்டில் காணாமல் போய்விடுவார். வெப்ப எல்லைகளைக் கையால் பூட்டிவிடுங்கள். ஆட்கள் இறங்கி வேலை செய்யும் இடத்தில் இதை மறக்கவே கூடாது.

தீயின் நடுப்பகுதி முழுக்க ஒரே வெள்ளையாக, 150 டிகிரிக்கு மேல் ஏறாமல் நிற்கிறதென்றால் கேமரா ஹை கெயினில், அதாவது சின்ன வெப்ப வித்தியாசத்தையும் பிரித்துக் காட்டும் ஆனால் அதிக வெப்பத்தை அளக்காத முறையில், இருக்கிறது. லோ கெயினுக்கு மாற்றினால் பல கேமராக்கள் 550 டிகிரி வரை காட்டும். நுணுக்கம் குறையும், ஆனால் தீயின் மையம் எது, விளிம்பு எது என்று பிரியும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை டக் என்ற சத்தத்தோடு படம் ஒரு கணம் உறைவது கோளாறு இல்லை. கேமரா தன் மூடியைப் போட்டுத் தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். 640க்கு 512 புள்ளிகள், 13 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள கேமரா 100 மீட்டர் உயரத்தில் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 9 சென்டிமீட்டரைப் பார்க்கும். உள்ளங்கை அகலக் கனல் ஒற்றைப் புள்ளியாகி, அக்கம்பக்கத்துக் குளிர்ச்சியோடு கலந்து மங்கிவிடும். சந்தேகமான இடத்தில் 40 மீட்டருக்கு இறங்கிப் பாருங்கள்.

தெர்மலில் தீ தெரிகிறது, போய்ப் பார்த்தால் இல்லை. அல்லது நேர்மாறு

அசையும் புள்ளி என்றால் மாடு. குப்பை மேட்டில் இரவு படுத்துக் கிடக்கும் மாடுகள் வரிசையாகத் தெரியும். கூர்மையான ஓரங்களோடு பளிச்சென்று இருந்தால் இப்போதுதான் நிறுத்திய ஜேசிபியின் இன்ஜின். ட்ரோன் நகரும்போது புள்ளியும் இடம் மாறினால் அது தகரத்தில் பட்டுத் திரும்பும் வெயில். மூன்று பக்கத்திலிருந்து பார்த்தும் அதே இடத்தில் நின்று, விளிம்பு மங்கிப் பரவியிருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும். அதே இடத்தைச் சாதாரணக் கேமராவிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நேர்மாறானது இன்னும் மோசம். மாதவரம், மணலி, அம்பத்தூர் பக்கக் கிடங்குகளில் தகரக் கூரைக்குக் கீழே எரிந்துகொண்டிருக்கும், தெர்மலில் கூரை ஜில்லென்று கறுப்பாகத் தெரியும். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கொஞ்சமாகத்தான் வெளியே விடும், குளிர்ந்த வானத்தைக் கண்ணாடியாகக் காட்டும். துருப்பிடித்த இடம், பெயின்ட் அடித்த இடம், போல்ட் வரிசை, காற்றுப்போக்கியின் வாய்: உண்மையான வெப்பம் அங்கேதான் தெரியும். ஜன்னல் கண்ணாடிக்குள்ளும் தெர்மல் பார்க்காது. கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். இலை அடர்ந்த மரத்துக்கு அடியிலும் அப்படியே. "தெர்மலில் ஒன்றும் இல்லை" என்பதை "உள்ளே யாரும் இல்லை" என்று யாரும் எடுத்துக்கொள்ளாதபடி வாயைத் திறந்து சொல்லிவிடுவது உங்கள் பொறுப்பு.

இடத்தைச் சரியாகச் சொன்னேன், ஆட்கள் வேறு எங்கோ போய்விட்டார்கள்

கேமரா சாய்வாக இருக்கும்போது திரையில் வரும் எண்கள் பெரும்பாலும் ட்ரோன் நிற்கும் இடத்துடையவை, தீ இருக்கும் இடத்துடையவை இல்லை. தூரம் அளக்கும் லேசர் இல்லாவிட்டால், கேமராவை நேர் கீழே திருப்பி, தீயை நடுவில் கொண்டுவந்து அப்புறம் எண்ணைக் குறியுங்கள்.

எண்ணை எழுதும் முறை இன்னொரு கண்ணி. 12 பாகை 57 நிமிடம் என்பதை ஒருவர் 12.57 என்று தட்டிவிட்டால், பெருங்குடிக்குப் போக வேண்டிய வண்டிக்கு வரைபடம் கல்பாக்கம் பக்கம் வழிகாட்டும். சரியான தசம எண் 12.95. தசம முறை ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று எல்லோரும் முதலிலேயே பேசி வையுங்கள். நாலு தசமம் போதும், பதினோரு மீட்டருக்குள் வந்துவிடும்.

தண்ணீர்க் குழாயைத் தோளில் பிடித்து நிற்பவருக்கு அதுவும் பயன்படாது. "அண்ணே, மஞ்சள் ஜேசிபி தெரியுதா? அதுக்கு வலப்பக்கம் இருபது அடி, சாய்ஞ்ச மின்கம்பத்துக்கு இந்தப் பக்கம்" என்று வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். அவர் கண்ணுக்குத் தெரிவதை வைத்து, அவர் நிற்கும் பக்கத்திலிருந்து வலம் இடம் சொல்லுங்கள். தீயணைப்பு அலுவலர் ஒருவர் பக்கத்திலேயே நின்று உங்கள் திரையைப் பார்த்து அவரே ஆட்களுக்குச் சொல்வது இன்னும் நல்லது. அவர் குரல் அவர்களுக்குப் பழக்கம், அவருடைய சொற்களும் பழக்கம்.

பருந்து துரத்துகிறது

குப்பைக் கிடங்கு கரும்பருந்துகளின் இடம். அவை மேலிருந்து பாய்ந்து அடிக்கும். அதனால் இறங்கி ஓடாதீர்கள், நேராக மேலே ஏறி அவற்றின் வட்டத்தை விட்டு மெதுவாக விலகுங்கள். வெயில் ஏறி அவை சுழல ஆரம்பிக்கும் முன்பே வேலையை முடிப்பது எல்லாவற்றையும்விட நல்லது. விடியலுக்கு முன் பறக்க இது இன்னொரு காரணம்.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறது

உடனே இறக்குங்கள். யாரையும் கேட்க வேண்டாம். 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத்தீயில் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் தொட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றியது. அப்படி வரும் ஹெலிகாப்டர் மிகத் தாழ்வாகப் பறக்கும், உங்கள் ட்ரோன் அதன் கண்ணில் படாது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் தீயில், தனியார் ஒருவர் பறக்கவிட்ட சிறு ட்ரோன் தண்ணீர் ஊற்றும் விமானத்தின் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. தீ எரிந்துகொண்டிருக்கும்போதே அந்த விமானம் பழுதுபார்க்க நிறுத்தப்பட்டது. படம் எடுக்க ஆசைப்பட்டு யாராவது பக்கத்தில் ட்ரோன் கிளப்பினால் காவலரிடம் சொல்லி நிறுத்துங்கள்.

மறுநாள் படம் மங்கலாக இருக்கிறது, மோட்டார் கரகரக்கிறது

சாம்பலும் புகைக் கரியும் உப்புக்காற்றும் சேர்ந்த வேலை. தெர்மல் லென்ஸைத் துணியால் துடைக்காதீர்கள். சாம்பல் துகள் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் தொட்ட தாளால் ஒற்றி எடுங்கள். மோட்டார்களைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். உள்ளே காந்தம் இருப்பதால் இரும்புத் துகள் ஒட்டிக்கொள்ளும், ஊதினால் போகாது. ஒட்டும் டேப்பின் நுனியால் எடுக்கலாம். எடுத்தும் கரகரப்பு இருந்தால் பேரிங் போய்விட்டது, அந்த மோட்டாரை மாற்றுங்கள். இறக்கைகளின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்து, வெடிப்போ உருகிய வளைவோ தட்டுப்பட்டால் ஜோடியாகவே மாற்றிவிடுங்கள்.